பில் இருக்கா தம்பி? – திருட்டுப் பொருள் வழக்கும் தண்டனையும்

இறுதியாண்டு, இயந்திரவியல் பிரிவு மாணவன்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நமது பேரவைச் செயலாளர் வந்தபோது, "சி.என்.சி. மெஷின் பத்தி எழுதித் தர்றேன்" என்றுதான் சொன்னேன். போன வருட மலரைப் புரட்டிப் பார்த்தேன். அதில் ஏற்கெனவே சி.என்.சி. பற்றி மூன்று கட்டுரைகள்! நான்காவதாக நானும் எழுதி உங்களைத் தூங்க வைக்க மனம் வரவில்லை. எனக்கு வீட்டிலேயே தெரிந்த விஷயம் ஒன்று இருக்கிறது. அதை எழுதுகிறேன்.

என் தாய்மாமா காயலான்கடை வைத்திருக்கிறார். பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி போகிற வழியில் இருக்கிறது. பழைய இரும்பு, அலுமினியம், பித்தளை, காப்பர் என்று எல்லாம் எடுப்பார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் அதைச் சுற்றியும் பழைய இரும்பை உருக்கிக் கம்பி போடும் ஆலைகள் நிறைய உண்டு என்பது ட்ரெயினிங் போய்வந்த உங்களுக்குத் தெரியும். அதனால் நம் பக்கத்தில் காயலான்கடைக்கு என்றும் பஞ்சம் இல்லை. பிரச்சினைக்கும் பஞ்சம் இல்லை.

2017 மார்ச் மாதம். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. ஒரு நாள் சாயங்காலம் மாமா கடைக்குப் போலீஸ் ஜீப் வந்தது. கூடவே இரண்டு பையன்கள். ஒருவனுக்குப் பத்தொன்பது வயது, ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவன். வேலை பார்த்த இடத்திலிருந்தே கேபிள் எடுத்து, மேல் தோலை உரித்து, காப்பரை மட்டும் கோணிப்பையில் கட்டி மாமா கடையில் போட்டிருக்கிறான். மாமா மார்க்கெட் விலையில் பாதி கொடுத்து வாங்கியிருக்கிறார். பில் கிடையாது. அன்றைக்கே மாமாவையும் கூட்டிப்போனார்கள். எடைத் தராசு, மாமாவின் குட்டியானை வண்டி, மீதமிருந்த காப்பர் எல்லாம் போனது. வழக்கில் பையன்கள் இருவரும் முதல், இரண்டாம் எதிரிகள். மாமா மூன்றாம் எதிரி.

மாமா மேல் போட்டது 411-ஆம் பிரிவு. இந்திய தண்டனைச் சட்டத்தில் திருட்டுக்கு 379; திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினாலும் வைத்திருந்தாலும் 411. இரண்டுக்கும் அதிகபட்சத் தண்டனை ஒன்றுதான்: மூன்று ஆண்டு சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டதால் 411 இப்போது 317-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு ஆகிவிட்டது. எண் மாறினாலும் மூன்று ஆண்டு மாறவில்லை. ஒரு மாற்றம் உண்டு. பழைய சட்டத்தில் திருட்டு, பறிப்பு, கொள்ளை, கையாடல், நம்பிக்கை மோசடி ஆகியவற்றால் கைமாறியவைதான் "திருட்டுச் சொத்து". புதிய சட்டம் ஏமாற்றி வாங்கிய பொருளையும் அதில் சேர்த்துவிட்டது. 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும்.

இங்கே இங்கிலாந்து சங்கதி ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. அங்கே 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின்படி திருடனுக்கு அதிகபட்சம் ஏழு ஆண்டு. திருட்டுப் பொருளை வாங்கி விற்பவனுக்குப் பதினான்கு ஆண்டு! வாங்க ஆள் இல்லாவிட்டால் திருடுகிறவன் எதற்குத் திருடப் போகிறான் என்ற கணக்கு. இதை மாமாவிடம் சொன்னேன். "நல்லவேளை மாப்ளே, நாம பொன்னேரில இருக்கோம்" என்று சிரித்தார். நம் சட்டத்திலும் கடுமையான பிரிவு இல்லாமல் இல்லை. கூட்டுக்கொள்ளைப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் 412, திருட்டுப் பொருள் வாங்குவதையே பிழைப்பாக வைத்திருந்தால் 413. இரண்டிலும் ஆயுள் தண்டனை வரை போகலாம். ஏற்கெனவே 411-இல் தண்டனை பெற்றவர் மறுபடியும் அதே குற்றத்தில் மாட்டினாலும் தண்டனை பத்தாண்டு, ஆயுள் என்று ஏற வழி இருக்கிறது.

சரி, கோர்ட்டில் என்னதான் நடக்கிறது? மாமா வழக்கின் தீர்ப்பு நகலை நானே நாலைந்து முறை படித்திருக்கிறேன். பள்ளி விடுமுறையில் சில வாய்தாவுக்குக் கூடவும் போயிருக்கிறேன். புரியாததை வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா அண்ணனிடம் கேட்டுக்கொண்டேன். அதிலிருந்து சொல்கிறேன்.

411-இல் அரசுத் தரப்பு மூன்று விஷயங்களை நிரூபிக்க வேண்டும். பொருள் எதிரியின் வசம் இருந்தது. அதற்கு முன் அது வேறொருவர் வசம் இருந்தது. அது திருட்டுப் பொருள் என்று எதிரிக்குத் தெரியும். 1954-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் இருக்கும் திரிம்பக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. அந்த வழக்கில் நகைகள் ஒரு வயலில் இருந்து எடுக்கப்பட்டன. வயலோ யார் வேண்டுமானாலும் வந்துபோகிற திறந்தவெளி. அப்படியிருக்க, நகை இவர் வசம்தான் இருந்தது என்று எப்படிச் சொல்வது என்று கேட்டு விடுதலை செய்தார்கள். 2022-இலும் மத்தியப் பிரதேசத்து வழக்கு ஒன்றில் இதே தீர்ப்பை எடுத்துக்காட்டி, 411-இல் தண்டனை பெற்ற ஒருவரை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. பொருள் கையில் இருந்தால் மட்டும் போதாது, திருட்டு என்பது தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் அங்கேயும் பேச்சு.

மனசுக்குள் இருப்பதை எப்படி நிரூபிப்பது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். சாட்சியச் சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. திருட்டு நடந்த கொஞ்ச நாளிலேயே அந்தப் பொருள் ஒருவரிடம் இருந்து, அது எப்படி வந்தது என்று அவரால் விளக்கம் சொல்ல முடியாவிட்டால், அவர் திருடியவர் அல்லது தெரிந்தே வாங்கியவர் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். பழைய சட்டத்தில் 114-ஆம் பிரிவின் முதல் உதாரணமே இதுதான், இப்போது 119. "அனுமானிக்கலாம்" என்றுதான் இருக்கிறது, "அனுமானிக்க வேண்டும்" என்று இல்லை. விளக்கம் நம்பும்படி இருந்தால் போதும். அந்த விளக்கத்துக்குக் கையில் இருக்கிற சுலபமான சாட்சிதான் பில். மாமாவிடம் இல்லாததும் அதுதான்.

ஆனால் மாமா தப்பித்தார். எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் கவனியுங்கள்.

காப்பரைக் கைப்பற்றியபோது மகஜர் எழுதி, பக்கத்து டீக்கடைக்காரரும் இன்னொருவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நாலு வருடம் கழித்துக் கூண்டில் ஏறியதும் இருவரும், "எங்க முன்னாடி எதையும் எடுக்கல, கையெழுத்துதான் கேட்டாங்க" என்று சொல்லிவிட்டார்கள். பிறழ் சாட்சி! அடுத்து கம்பெனி அதிகாரி வந்தார். "இது உங்க காப்பர்தான்னு எப்படிச் சொல்றீங்க?" என்று மாமாவின் வக்கீல் கேட்டார். "எங்க காப்பர் மாதிரிதான் இருக்கு" என்றார் அவர். கேபிளின் மேல் தோலில் தயாரித்த கம்பெனி பெயர், அளவு, மீட்டர் எண் எல்லாம் அச்சாகியிருக்கும். தோலை உரித்த பிறகு செம்புக்கு ஏது பெயர்? நம் மெட்டலர்ஜி பாடத்தில் படித்ததை அந்த வக்கீல் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்.

"இந்தக் கடையிலதான் போட்டேன்" என்று பையன் போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் இருந்தது அல்லவா? போலீஸிடம் சொல்லும் ஒப்புதல் சாட்சியமாகாது. அதைத் தொடர்ந்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும்தான் செல்லும். சுதந்திரத்துக்குச் சற்று முன்பு லண்டன் பிரிவி கவுன்சில் புலுகூரி கோட்டையா வழக்கில் இதை விளக்கியது. இன்றைக்கும் கீழ்க்கோர்ட்டு முதல் உச்ச நீதிமன்றம் வரை அதையே எடுத்துக்காட்டுகிறார்கள். ஒரு எதிரி சொன்னதை வைத்து மட்டும் இன்னொரு எதிரிக்குத் தண்டனை கொடுத்துவிட முடியாது.

மிச்சம் இருந்தது விலை. பாதி விலைக்கு வாங்கியது சந்தேகத்தைக் கிளப்புகிறது. ஆனால் சந்தேகம் வேறு, நம்புவதற்குப் போதிய காரணம் இருப்பது வேறு என்று தீர்ப்பில் எழுதியிருந்தது. கொரோனாவில் ஒன்றரை வருடம் போக, 2022-இல் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து மாமாவை விடுதலை செய்தார்கள். ஐந்து வருடம். குட்டியானை மட்டும் ஆரம்பத்திலேயே கிடைத்துவிட்டது. கைப்பற்றிய வண்டிகளை ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்க விடாமல், போட்டோ எடுத்து, மகஜர் எழுதி, உறுதிப்பத்திரம் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் சுந்தர்பாய் தேசாய் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதைக் காட்டி வக்கீல் மனுப் போட்டார். தராசு திரும்பி வந்தபோது முள் நகரவில்லை.

விடுதலையான அன்று ராத்திரி மாமாவிடம் நேரடியாகவே கேட்டேன். "மாமா, உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?" அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கேக்கணும்னு தோணுச்சு மாப்ளே, கேக்கல" என்றார். கோர்ட் தீர்ப்பில் இல்லாத வரி இது. இப்போது கடையில், பில் இல்லாத காப்பர் வாங்குவதில்லை என்று போர்டு மாட்டியிருக்கிறார். சைக்கிளில் மூட்டையோடு யார் வந்தாலும் முதல் கேள்வி, "பில் இருக்கா தம்பி?"

மாமா கதை இவ்வளவுதான். எனக்கு மனசில் நிற்பது அந்தப் பத்தொன்பது வயது அண்ணனின் கதை.

அவருக்கு எதிராக வாட்ச்மேன் சாட்சி சொன்னார், கேமராப் பதிவும் இருந்தது. திருட்டு நிரூபணமாகிவிட்டது. ஆறு மாதம் சிறை. ஏற்கெனவே ரிமாண்டில் இருந்த 47 நாள் அதில் கழியும். வாங்கின மாமா வெளியே, விற்ற பையன் உள்ளே என்று ஊரில் பேசினார்கள். பேசத்தான் செய்வார்கள், அதில் தப்பும் இல்லை.

இந்த இடத்தில்தான் நம் வயதுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் ஒன்று வருகிறது. 1958-ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். குற்றம் நிரூபணமானாலும் சிறைக்கு அனுப்பாமல், நன்னடத்தைக்கு உறுதிப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம் என்று அதன் 4-ஆம் பிரிவு சொல்கிறது. முதல்முறை திருட்டு என்றால் 3-ஆம் பிரிவின்படி வெறும் கண்டிப்போடுகூட விடலாம். 6-ஆம் பிரிவு இன்னும் முக்கியம். 21 வயதுக்குக் குறைந்தவரை, ஆயுள் தண்டனைக்கு உரிய குற்றமாக இல்லாத பட்சத்தில், சிறைக்கு அனுப்பவே கூடாது. அனுப்பித்தான் தீரவேண்டும் என்றால் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பார்த்து, காரணத்தையும் எழுதிவைக்க வேண்டும். திருட்டுக்கும் இது பொருந்தும், திருட்டுப் பொருள் வாங்கிய குற்றத்துக்கும் பொருந்தும். (18 வயது நிரம்பாதவர் என்றால் இந்தக் கோர்ட்டே கிடையாது, 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி இளைஞர் நீதிக் குழுமம்தான்.)

அப்படியானால் அந்த அண்ணன் ஏன் சிறைக்குப் போக நேர்ந்தது? 21 வயது என்பதை எந்த நாளில் பார்ப்பது என்பதில்தான் சூட்சுமம். குற்றம் செய்த நாளா, தீர்ப்பு நாளா? அறுபதுகளின் தொடக்கத்தில் ராம்ஜி மிஸ்ஸர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்தது: விசாரணை நீதிமன்றம் குற்றவாளி என்று முடிவு செய்து தண்டனை பற்றி யோசிக்கும் நாளில் என்ன வயதோ அதுதான் கணக்கு. 2017-இல் பத்தொன்பது, 2022-இல் இருபத்து நாலு. வழக்கு இரண்டு வருடத்துக்குள் முடிந்திருந்தால் 6-ஆம் பிரிவு அவருக்குக் காவலாக நின்றிருக்கும். வாய்தா வாய்தாவாகப் போனதில் மாமாவுக்குச் சாட்சிகள் மாறினார்கள், அந்த அண்ணனுக்கு வயது ஏறியது. ஒரே தாமதம், ஒருவருக்கு லாபம், ஒருவருக்கு நஷ்டம்! 4-ஆம் பிரிவுக்கு வயது வரம்பு இல்லை. ஆனால் அது நீதிபதியின் விருப்பத்தைப் பொறுத்தது. யாராவது எழுந்து கேட்க வேண்டும். கேட்கவில்லை.

அவருக்கு வக்கீல் வைக்கப் பணமில்லை. இலவச வக்கீல் உண்டு என்பதும் தெரியவில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி காவலில் இருப்பவர்களுக்கு வக்கீல் இலவசம். ஆலைத் தொழிலாளிக்கும் இலவசம். நாம் நாளைக்குக் கம்பெனியில் சேர்ந்தால் நமக்கும் சேர்த்துத்தான். மேல்முறையீட்டுக்குத்தான் அவர் அந்த வழியாகப் போனார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் நன்னடத்தைச் சட்டத்தைப் பயன்படுத்தலாம். 2024-இல் செஷன்ஸ் கோர்ட் அவரைக் குற்றவாளி என்பதை உறுதிசெய்து, சிறைத் தண்டனையை மட்டும் எடுத்துவிட்டு, நன்னடத்தைப் பத்திரத்தில் விட்டது.

சின்ன வழக்குகளுக்கு இப்போது வழி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். புதிய நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், பொருளின் மதிப்பு 20,000 ரூபாய்க்கு மேல் போகாத திருட்டு, திருட்டுப் பொருள் வழக்குகளைச் சுருக்கமுறையில் விசாரிக்க வேண்டும். அந்த முறையில் மூன்று மாதத்துக்கு மேல் சிறை கொடுக்க முடியாது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த முதல் திருட்டில், பொருளையோ பணத்தையோ திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை. ஆனால் இது திருடியவருக்குத்தான், வாங்கியவருக்கு இந்தச் சலுகையை எழுதவில்லை. பொருளின் சொந்தக்காரர் சம்மதித்தால் சமரசமாக முடிக்கவும் இடமுண்டு.

இவ்வளவு சலுகையும் சாதாரணப் பொருளுக்குத்தான். ரயில்வே பொருள் என்றால் கதையே வேறு! நம்மில் பாதிப் பேர் கும்மிடிப்பூண்டி லோக்கலில்தான் வருகிறோம். தண்டவாளத்தில் கிடக்கும் பாண்ட்ரோல் கிளிப்பை "சும்மா" பையில் போட்டுக்கொண்ட ஒரு நண்பரை எனக்குத் தெரியும் (பெயர் சொல்ல மாட்டேன், ஹாஸ்டல்காரர்). 1966-ஆம் ஆண்டு ரயில்வே சொத்துச் சட்டப்படி, திருட்டுப் பொருளோ என்று நியாயமாகச் சந்தேகப்படும் ரயில்வே சாமான் நம்மிடம் இருந்தாலே போதும். நேர்மையாக வந்தது என்று நிரூபிப்பது நம் பொறுப்பு. அதிகபட்சம் ஐந்து ஆண்டு. முதல் குற்றத்துக்கே, விசேஷக் காரணம் இல்லாவிட்டால், குறைந்தது ஓராண்டு சிறையும் 1,000 ரூபாய் அபராதமும். இரண்டாம் முறை என்றால் குறைந்தது இரண்டாண்டு. இன்னொன்று, ஆர்.பி.எஃப். அதிகாரியிடம் கொடுக்கும் வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லும். அவர் "போலீஸ் அதிகாரி" அல்ல என்று 1980-இல் பால்கிஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. செம்பிலும் அடையாளம் போகாது. மின்சார ரயிலுக்கு மேலே ஓடும் தொடர்புக் கம்பி 107 சதுர மில்லிமீட்டர், இரண்டு பக்கமும் பள்ளம் போட்டது. அப்படி ஒரு கம்பியை வேறு எங்கே பார்க்க முடியும்? மாமா அதைக் கையால்கூடத் தொடமாட்டார்.

செகண்ட் ஹேண்ட் செல்போன் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. *#06# அடித்தால் வரும் 15 இலக்க எண்ணை, கே.ஒய்.எம். என்ற ஆங்கில எழுத்துகளோடு சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் அந்த எண் எந்த போனுக்கு உரியது, முடக்கப்பட்டதா என்று தெரிந்துவிடும். ஆர்.சி. புத்தகம் "அடுத்த வாரம் தர்றேன்" என்கிற பைக்கும் இதே ஜாதிதான். தெரியாமல் வாங்கினால் குற்றமில்லை. ஆனால் பொருள் சொந்தக்காரருக்குப் போய்விடும். திருடனுக்கே உரிமை இல்லாத பொருளில் நமக்கு எங்கிருந்து உரிமை வரும்? கொடுத்த பணத்துக்கு விற்றவனைத் தேடிப் போக வேண்டியதுதான்.

போன மாதம் அந்த அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். இப்போது ஒரு கான்ட்ராக்டரிடம் வெல்டிங் வேலை. நிரந்தர வேலைக்கு ஓர் இடத்தில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். அதில், நீங்கள் எப்போதாவது குற்ற வழக்கில் தண்டிக்கப்பட்டீர்களா என்று ஒரு கட்டம். "தம்பி, நீ படிச்சவன், நன்னடத்தையில விட்டாங்களே, இதுல இல்லைன்னு போடலாமா?" என்று கேட்டார்.

நன்னடத்தைச் சட்டம் 12-ஆம் பிரிவு, தண்டனையால் வரும் தகுதியிழப்பு இவருக்குக் கிடையாது என்கிறது. ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பு அழிந்துபோவதில்லை. 1990-இல் பக்ஷி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. 2016-இல் அவதார் சிங் வழக்கில், விண்ணப்பத்தில் கேட்டதை மறைக்காமல் சொல்ல வேண்டும், மறைத்தால் அதுவே வேலைக்கு ஆபத்து, உண்மையைச் சொன்னாலும் எடுப்பதும் விடுவதும் முதலாளியின் பரிசீலனை என்று தீர்ப்பு. தெரிந்ததைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் பேனாவை வாங்கி "ஆம்" என்று எழுதினார். கீழே வழக்கு எண், பிரிவு 379, 2024-இல் நன்னடத்தையில் விடுவிப்பு என்று சின்ன எழுத்தில் நிரப்பினார். இடம் போதாமல் பக்கத்தின் ஓரத்திலும் இரண்டு வரி ஏறியது. இந்தக் கட்டுரையைக் கொடுக்கும் நாள்வரை அங்கிருந்து பதில் வரவில்லை.